முதுகில் ஒட்டாத சுண்ணாம்பு

வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர் எழுதுகிறார் என்றால் நரைத்த தலையும் தடித்த கண்ணாடியும்தான் நினைவுக்கு வரும். எனக்கு முப்பத்து நான்கு வயது. பன்னிரண்டு வருடம் வீடுகளுக்கு உள்ளலங்காரம் செய்யும் வேலை பார்த்தேன். மூச்சுத் திணறல் கூடிக்கொண்டே வந்தது. "இனிப் பலகைத் தூசியும் பசை வாசமும் உங்களுக்குச் சரிவராது" என்று பதுளையில் வைத்தியர் சொல்லிவிட்டார். அடுத்த மாதத்திலிருந்து பிள்ளைகளுக்குச் சித்திரம் சொல்லிக்கொடுக்கப் போகிறேன்.

கடையை விட்டு வருகிற அன்று, புதிதாகச் சேர்ந்த தினேஷும் ஷிபானாவும் என்னை வாசலில் மறித்தார்கள்.

"அண்ணே, எந்தச் சாமான் சூழலுக்கு நல்லது, எது கூடாதுன்னு ஒரு லிஸ்ட் எழுதிக் குடுத்துட்டுப் போங்க. நாங்க அதப் பாத்தே செஞ்சிருவோம்."

வீட்டுக்கு வந்து எழுத உட்கார்ந்தேன். பழைய பலகை, மூங்கில், சுண்ணாம்பு, சணல் என்று நான்கு சொல் எழுதியதும் பேனா நின்றுவிட்டது. இந்த நான்கும் நல்லவைதான். ஆனால் இந்த நான்கையும் வைத்தே ஒரு வீட்டைப் பாழாக்க முடியும். நானே கிட்டத்தட்டச் செய்தவன். ஆகவே தம்பி, தங்கச்சி, லிஸ்டுக்குப் பதிலாக இதை வைத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் வீட்டில் பாடசாலையை முடித்த முதல் ஆள் நான். அப்பா தேயிலைத் தோட்டத்தில் செடிகளைக் கத்தரிக்கும் கவ்வாத்து வேலை செய்தார், அம்மா கொழுந்து எடுத்தார். உயர்தரம் முடித்து, பதுளையில் இரண்டு வருடம் வரைபடக் கலை படித்தேன். அந்த இரண்டு வருடத்தைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. பஸ்ஸில் நின்றுகொண்டே போனேன், நின்றுகொண்டே வந்தேன், ஒரு சான்றிதழ் கிடைத்தது. அதை அம்மா சாமிப் படத்துக்குப் பக்கத்தில் மாட்டினார். பிறகு பண்டாரவளையில் ரிஸ்வான் நானாவின் கடையில் சேர்ந்தேன்.

ரிஸ்வான் நானாவை உங்களுக்குத் தெரியும். ஆனால் பன்னிரண்டு வருடத்துக்கு முந்திய நானாவைத் தெரியாது. முகப்பில் ஆணியும் பூட்டும் விற்பார், பின்கட்டில் மேசை போட்டு வீடுகளுக்கு வரைபடம் போடுவார். எந்தச் சாமான் வந்தாலும் முதலில் மோந்து பார்ப்பார். பிறகு ஒரு துளித் தண்ணீர் விட்டு, அது எவ்வளவு நேரத்தில் உள்ளே போகிறது என்று பார்த்துக்கொண்டே இருப்பார். அந்த நேரத்தில் யார் கூப்பிட்டாலும் திரும்ப மாட்டார். அதன் பிறகு மூன்று கேள்வி. எங்கிருந்து வந்தது? எத்தனை மழைக்காலம் நிற்கும்? தேய்ந்த பிறகு எங்கே போகும்?

மூன்றுக்கும் பதில் இருந்தாலும் சரி என்று சொல்லிவிட மாட்டார். "வீட்டுக்குக் கொண்டு போங்க. மூணு நாள் அதோட இருங்க. வந்து சொல்லுங்க" என்பார். அதுதான் கடையின் சட்டம். தெரிவு செய்கிறவன் அந்தப் பொருளோடு மூன்று நாள் குடியிருக்க வேண்டும்.

தோட்டத்து வரிசை வீடான லயத்தில் எங்களுக்கு ஒரே காம்பரா. அதில் அப்பா, அம்மா, நான், தங்கச்சி. அதற்குள் நான் கொண்டுபோகிற பலகைத் துண்டும் ஓட்டுத் துண்டும். இடம் போதாமல் ஒருநாள் பலகையைக் கட்டிலில் வைத்துவிட்டு நான் கீழே பாய் விரித்தேன். அப்பா கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"படிக்காதவன் கட்டில்ல படுக்குறான். படிச்சவன் கட்டில பலகைக்குக் குடுத்துட்டுத் தரையில படுக்குறான். படிப்புன்னா இதுதானாடா?"

சேர்ந்த வருடமே ஒரு பிழை செய்தேன். ஹல்துமுல்லையில் ஒரு பங்களாவுக்குச் சமையலறை அலுமாரிகள். வெளியூரிலிருந்து வந்த பலகை ஒன்றின் உறையில் பச்சை இலை அச்சடித்திருந்தது. அந்த இலையை நம்பினேன். சட்டப்படி மூன்று நாள் வீட்டில் வைத்தேன். கண் எரிந்தது. அம்மாவின் அடுப்புப் புகை என்று நினைத்துக்கொண்டேன். நானாவிடம் நல்லா இருக்கு என்று சொல்லிவிட்டேன். ஒரு மாதத்தில் பனி ஏறிக் கதவுகள் ஊதிவிட்டன. அங்கே சமைக்கிற அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துத் துடைத்து வேலை செய்தார்.

நானா ஒரு வார்த்தை திட்டவில்லை. தானே போய் எல்லாவற்றையும் கழற்றினார். மூடிப்போன ஒரு தேயிலை ஃபெக்டரியில் கொழுந்து வாட்டும் மாடியிலிருந்து கழற்றிய பழைய பலகையை வாங்கி, இழைத்துப் போட்டார். முழுவதும் முடிந்த பிறகு ஒரு மூடிய சோற்றுப் பெட்டியை என்னிடம் நீட்டினார். உள்ளே ஈரத் துணியில் சுற்றிய அந்தப் பச்சை இலைப் பலகையின் துண்டு. மூடியைத் திறந்ததும் மூக்கில் குத்தியது.

"இதத்தான் அடுப்புப் புகைன்னு நெனச்சீங்க" என்றார். "உங்கட உம்மாட அடுப்பு கேட்டா கோவிச்சுக்கும் லோகேஸ்."

அதற்குப் பிறகு மூன்று நாள் சட்டத்தை நான் விளையாட்டாக எடுத்ததே இல்லை. ஒரே ஒரு தடவை தவிர. அதைச் சொல்லத்தான் இவ்வளவும்.

செல்வராணி அக்கா குவைத்தில் ஒன்பது வருடம் வீட்டு வேலை செய்தவர். திரும்பி வந்து தெமோதரையில், ரயில் பாதைக்கு மேலே, தோட்டத்தில் கிடைத்த ஏழு பேர்ச் நிலத்தில் வீடு கட்டினார். முன் ஹோல், இரண்டு அறை, பின்னால் சமையலறை. ஒரு அறையில் அவரும் அவருடைய அம்மா பாக்கியமும் இருப்பார்கள். மற்ற அறை, பக்கத்துச் சுற்றுலா ஊரான எல்லவுக்கு வருகிற வெளிநாட்டுக்காரர்களுக்கு. எல்லவில் விடுதி நடத்தும் சமன் என்ற சிங்களவர், தன்னிடம் இடம் நிறைந்தால் ஆட்களை அங்கே அனுப்புவதாகச் சொல்லியிருந்தார். ஆனால் ஒரு நிபந்தனை. பிளாஸ்டிக் சீலிங்கும் பளபளப் பெயின்ட்டும் இருக்கக் கூடாது, இந்த மண்ணின் பொருட்களால் செய்திருக்க வேண்டும். ஆட்கள் வராவிட்டால் செல்வராணி அக்கா மறுபடி குவைத்துக்குப் போக வேண்டியதுதான். அம்மாவைத் தனியே விட்டுவிட்டு. அதை அவரே முதல் நாள் எங்களிடம் சொன்னார்.

நானா அந்த வேலையை என்னிடம் கொடுத்தார். "உங்கட ஆக்கள். உங்களுக்குத்தான் தெரியும்" என்றார். அந்த வார்த்தை எனக்குக் கொஞ்சம் தலைக்கேறியது என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

நானாவையும் வைத்துக்கொண்டு, சுவருக்குச் சுண்ணாம்பு என்று நான் சொன்னதுமே செல்வராணி அக்கா எழுந்துவிட்டார்.

"சுண்ணாம்பா? தம்பி, நீங்க எந்தத் தோட்டம்?"

சொன்னேன்.

"லயத்துலதானே பொறந்தீங்க? அப்ப உங்களுக்குத் தெரியாதா? சாஞ்சா முதுகு வெள்ள. புள்ளைங்க ஸ்கூலுக்குப் போனா, திரும்பி நிக்கும்போதே தெரிஞ்சிரும், இது தோட்டத்துப் புள்ளன்னு. அந்த எழவுக்கா நான் ஒம்பது வருஷம் அடுத்தவ வீட்டு டைல்ஸத் தொடைச்சேன்?"

எனக்குத் தெரியும். பதுளைப் பாடசாலையில் குளிருக்கு நீல ஸ்வெட்டர் போடுவோம். எனக்குப் பின் பெஞ்சில் இருந்த பையன்கள் என்னை 'வெள்ளை முதுகு' என்று கூப்பிட்டார்கள். பஸ்ஸிலிருந்து இறங்கியதும் ஸ்வெட்டரைக் கழற்றி உதறிப் போட்டுக்கொள்வது என் வழக்கம். இதை நான் நானாவிடம் சொன்னதில்லை. அன்றைக்கும் சொல்லவில்லை. தலையைக் குனிந்துகொண்டேன்.

நானாதான் பேசினார். "மகள், உங்கட லயத்துக்கு எப்ப சுண்ணாம்பு அடிப்பாங்க?"

"யாராவது பெரிய ஆளு வந்தா முந்துன நாளு."

"எத்தன தரம் அடிப்பாங்க?"

"ஒரே தரந்தான் நானா. கூழு மாதிரி கரைச்சுப் பூசிட்டுப் போயிருவாங்க."

"சுவர நனைப்பாங்களா?"

செல்வராணி அக்கா சிரித்துவிட்டார். "மனுசன் குளிக்கவே மலையடிப் பீலித் தண்ணிக்கு நடந்து போற எடத்துல, சுவருக்கு யாரு தண்ணி ஊத்துனா?"

"அதுதான் ஒட்டுது" என்றார் நானா. "சுண்ணாம்பு நல்ல சாமான். அடிச்ச விதம்தான் கெட்டது. உங்களுக்காக அடிச்சிருந்தா அப்படி அடிச்சிருக்க மாட்டாங்க. வார ஆளுக்குக் காட்டத்தானே அடிச்சாங்க."

அந்த வேலையை எப்படிச் செய்தோம் என்று எழுதிவைக்கிறேன், இது உங்களுக்குப் பயன்படும். சூளைச் சுண்ணாம்பைத் தண்ணீருக்குள் ஊறவைத்து, மேலே எப்போதும் ஒரு சாண் தண்ணீர் நிற்கும்படி பார்த்துக்கொண்டோம். வாரக்கணக்கில் அப்படியே. பிறகு அதைப் பால் பதத்துக்கு, அதாவது தண்ணீரைவிடச் சற்றுத்தான் தடிப்பாக, கரைத்துத் துணியில் வடிகட்டினோம். ஏடு எடுத்த பாலை அதில் சேர்த்தோம். பால் சேர்ந்தால் காய்ந்த பிறகு தூள் கொட்டாது. பூசுவதற்கு முன் சுவரை நனைக்க வேண்டும், தண்ணீர் வழியக் கூடாது, ஈரம் மட்டும் நிற்க வேண்டும். முதல் பூச்சில் சுவர் வெளுக்கவே வெளுக்காது. ஒன்றுமே செய்யாத மாதிரி இருக்கும். அந்த இடத்தில்தான் எல்லோரும் அவசரப்பட்டுத் தடிப்பாகப் பூசிவிடுவார்கள். பொறுங்கள். ஒரு நாள் விட்டு அடுத்தது. ஐந்து தரம். வெயில் நேரடியாகப் படாமல் ஈரச் சாக்கு தொங்கவிட வேண்டும். தெமோதரைப் பனி எங்களுக்குப் பாதி வேலையைச் செய்து கொடுத்தது.

பாக்கியம் அம்மா தினமும் வந்து பார்ப்பார். அதிகம் பேசாதவர். "பாலையா சுவத்துக்கு ஊத்துறீங்க" என்று மட்டும் ஒருநாள் கேட்டார். அடுத்த நாளிலிருந்து எங்கள் தேத்தண்ணியில் பால் கூடியது. சுவர் மட்டும் குடித்தால் சரியா என்று நினைத்திருப்பார்.

சீலிங்குக்குப் பழைய ஃபெக்டரிப் பலகை. தரைக்குச் சிவப்பு மெழுகிய சீமெந்து. எல்லாவற்றையும் சட்டப்படி மூன்று நாள் வீட்டில் வைத்துப் பார்த்துத்தான் தெரிவு செய்தேன். எஞ்சியது ஹோலுக்கு விளக்கு.

விளக்கு என்னுடைய யோசனை. மூங்கிலில் முடைந்த கொழுந்துக் கூடைகளைக் கவிழ்த்து, உள்ளே பல்பு வைத்துத் தொங்கவிடுவது. தோட்டங்களில் இப்போது சாக்குப் பையும் பிளாஸ்டிக் கூடையும் வந்துவிட்டதால் பழைய மூங்கில் கூடைகள் மூலையில் கிடந்தன. எங்கிருந்து வந்தது? இதே மலை. எத்தனை மழை நிற்கும்? பார்த்தாயிற்று. தேய்ந்தால் எங்கே போகும்? மண்ணுக்கு. மூன்று கேள்விக்கும் இவ்வளவு சரியாகப் பதில் சொன்ன பொருளை நான் அதுவரை கண்டதில்லை. மூன்று நாள் வீட்டில் வைக்கவில்லை. எதற்கு? பிறந்ததிலிருந்து அதோடுதானே இருந்தேன்.

செல்வராணி அக்காவும் வரைபடத்தைப் பார்த்து விரும்பினார். மூன்று கூடை சேர்த்தேன். நான்காவதை அவரே கொண்டுவந்து கொடுத்தார், அம்மாவுடையது என்று. கைப்பிடிப் பக்கம் நீல வயரால் பின்னித் தைத்த கூடை. அதை நடுவில் தொங்கவிட்டேன். திங்கட்கிழமை பல்பைப் போட்டதும் ஐந்து பூச்சுச் சுவரில் மூங்கில் நிழல் வலைபோல் விழுந்தது. படம் எடுத்துச் சமனுக்கு அனுப்பினோம். உடனே பதில் வந்தது. மிகவும் பிடித்திருக்கிறது, சனிக்கிழமை நேரில் வருகிறேன் என்று.

புதன்கிழமைதான் கவனித்தேன். பாக்கியம் அம்மா ஹோலுக்குள் வருவதில்லை. வீட்டைச் சுற்றிக்கொண்டு பின்கதவால் சமையலறைக்குப் போகிறார். அங்கேயே சாப்பிடுகிறார். மழை தூறினாலும் தலையில் சாக்கைப் போட்டுக்கொண்டு சுற்றித்தான் போகிறார்.

சமையலறைக்குப் போய்க் கேட்டேன். "அம்மா, ஏன் முன்னால வர மாட்டேங்கிறீங்க? சுண்ணாம்பு வாசமா இருக்கா?"

"இல்ல தம்பி."

"அப்ப?"

அவர் கீரை ஆய்ந்துகொண்டே சொன்னார். "கூடைய உள்ளுக்குக் கொண்டாரக் கூடாது தம்பி. அட்டப்பூச்சி ஒட்டிக்கிட்டு வரும்."

நான் சிரித்தேன். அவரும் சிரித்தார். "இதுல அட்ட எங்கம்மா இருக்கு? கழுவி, காய வச்சு, எண்ணெ பூசியிருக்கு" என்றேன்.

"தெரியும் தம்பி. இருந்தாலும் நாப்பது வருஷமா இஸ்தோப்பு ஆணியிலதான் மாட்டுனேன். வாசலுக்கு உள்ள வந்தா நான் மனுசி. கூட வெளியில. அதத் தலையிலருந்து எறக்கி வச்சிட்டுத்தான் புள்ளயத் தூக்குவேன்." கையிலிருந்த கீரையை ஒதுக்கினார். "எறக்குன கூட மறுபடி தலைக்கு மேல நிக்குது. நான் கீழ எப்புடிப் போறது, சொல்லுங்க. நீங்க ஒண்ணும் நெனச்சுக்காதீங்க. வெள்ளக்காரனுக்குப் புடிச்சிருக்குல்ல. மாட்டியே இருக்கட்டும். எனக்குப் பின்கதவு இருக்கு. இவ திரும்ப குவைத்துக்குப் போகாம இருந்தாப் போதும்."

செல்வராணி அக்கா வாசற்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். அவர் முகத்தை நான் பார்க்கவில்லை. பார்க்கத் தைரியம் வரவில்லை.

என் அம்மாவும் கூடையை ஒருநாளும் உள்ளே கொண்டுவந்ததில்லை. இஸ்தோப்பில், அதாவது முன் திண்ணையில், வாசலுக்கு இடது பக்கம், அப்பா அடித்த ஆணியில் தொங்கும். கூடையைக் கழற்றியதும் அம்மா நெற்றியில் கயிறு அழுந்திய இடத்தை உள்ளங்கையால் தேய்த்துக்கொண்டு உள்ளே வருவார். அது எனக்குத் தெரியும். தெரிந்ததாலேயே நான் மூன்று நாள் வைத்துப் பார்க்கவில்லை. வைத்திருந்தால் முதல் நாளே அம்மா, "இத ஏண்டா உள்ளுக்குக் கொண்டாந்த?" என்று கேட்டிருப்பார். வேலை அங்கேயே முடிந்திருக்கும்.

ஏணியை எடுத்துப் போட்டேன்.

"தம்பி" என்றார் செல்வராணி அக்கா. "சனிக்கெழம அவரு வர்றாரு. படத்த வேற பாத்துட்டாரு."

"தெரியும் அக்கா."

"கழட்டுனா அனுப்ப மாட்டாரோ?"

"எனக்குத் தெரியல அக்கா" என்றேன். உண்மையைத்தான் சொன்னேன்.

அவர் வந்து ஏணியைப் பிடித்துக்கொண்டார். "முதல்ல நடுவுல இருக்குறத எறக்குங்க" என்றார்.

அன்று மாலை ரிஸ்வான் நானாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். வெள்ளை முதுகையும் சேர்த்தே சொல்லிவிட்டேன். அவர் மேசையிலிருந்த பலகைத் துண்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"பிழ எனக்கிட்டயும்தான் லோகேஸ்" என்றார் கடைசியில். "உங்கட ஆக்கள், உங்களுக்குத் தெரியும் எண்டு சொல்லி அனுப்பினேன். அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது. இனிமே சாமான நம்மட வீட்டுக்குக் கொண்டு போகத் தேவையில்ல. அவங்கட வீட்டுல வைப்போம். அந்த வீட்டுல ஆரு கொறைவாப் பேசுறாங்களோ, அவங்ககிட்ட மூணு நாள் குடுப்போம்."

நீங்கள் இப்போது மாதிரித் துண்டுகளை வாடிக்கையாளர் வீட்டில் வைத்துவிட்டு வருகிறீர்களே, அது அன்றைக்கு வந்த சட்டம்.

சனிக்கிழமை சமன் வந்தார். ஹோலில் சாதாரண வெள்ளைக் கண்ணாடி விளக்கு ஒன்றுதான் தொங்கியது, பதுளை பஸாரில் வாங்கியது. மூன்று கூடைகளை உடையவர்களிடம் திருப்பிக் கொடுத்திருந்தேன். நான்காவது இஸ்தோப்பில், வாசலுக்கு இடது பக்கம் ஆணியில் இருந்தது.

"அந்த லாம்பு எங்க?" என்று கேட்டார். கொச்சையாகத் தமிழ் பேசுவார்.

நான் வாயைத் திறப்பதற்குள் செல்வராணி அக்கா சொன்னார். "அது அம்மாவோட வேலச் சாமான் மாத்தயா. வெளியிலதான் இருக்கும். வீட்டுக்குள்ள வராது."

சமன் கூடையை வெளியே போய்ப் பார்த்தார். நீல வயரைத் தொட்டுப் பார்த்தார். பிறகு உள்ளே வந்து, கறுப்புக் கோட்டோடு சுவரோரம் பெஞ்சில் சாய்ந்து உட்கார்ந்தார். செல்வராணி அக்கா தேத்தண்ணியோடு நின்றவர் அப்படியே நின்றுவிட்டார். கறுப்புத் துணியை வைத்து நானாவும் நானும் எத்தனையோ தடவை தேய்த்துப் பார்த்திருந்தோம். இருந்தாலும் முழு ஆள் சாய்ந்தது அன்றுதான்.

அவர் எதையெதையோ கேட்டார். பலகை எங்கிருந்து, பாலை ஏன் ஊற்றினீர்கள், குளியலறையில் சுடுதண்ணீர் வருமா. ஏதோ பதில் சொன்னேன். எழுந்து வாசலுக்குப் போனபோது நாங்கள் இருவரும் அவர் முதுகைத்தான் பார்த்தோம்.

கறுப்பு கறுப்பாகவே இருந்தது.

லாம்பு இல்லாதது அவருக்குக் குறைதான் என்பதை மறைக்கவில்லை. ஆனாலும் முதலில் இரண்டு பேரை அனுப்பிப் பார்க்கிறேன் என்றார். அனுப்பினார். அந்த அறை அதற்குப் பிறகு நிறைந்தும் இருந்திருக்கிறது, வெறுமையாகவும் கிடந்திருக்கிறது. செல்வராணி அக்கா குவைத்துக்குப் போகவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை, வேலையை விட்டுவிட்டதைச் சொல்ல அங்கே போயிருந்தேன். பாக்கியம் அம்மா ஹோலில், அதே சுவரில் முதுகைச் சாய்த்து, காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். சுண்ணாம்பு இறுகி, பழைய தந்தம்போல் நிறம் மாறியிருந்தது. என்னையும் பக்கத்தில் உட்காரச் சொன்னார். நான் அன்று நீலச் சட்டை போட்டிருந்தேன். சாய்ந்துகொண்டேன். மூச்சைப் பற்றி விசாரித்தார். இரண்டு ரயில் போகும்வரை பேசிக்கொண்டிருந்தோம்.

விடைபெற்று எழுந்தபோது, "திரும்புங்க தம்பி" என்றார்.

திரும்பி நின்றேன். அவர் என் முதுகில் உள்ளங்கையை வைத்து, தோளிலிருந்து இடுப்புவரை ஒரு தரம் துடைத்துவிட்டார். கையைத் திருப்பி எனக்குக் காட்டினார்.

"ஒண்ணும் இல்ல" என்றார். "போயிட்டு வாங்க."